எங்கள் வீட்டுக் கேரவன்!

சினிமாக்காரர்களுக்குக் கேரவன். இடைசெவல்காரனுக்குப் பழைய ஆம்னி வேன்! பின் சீட்டைக் கழற்றி ஜமக்காளம் விரித்தால் பெட்ரூம். ஒற்றை அடுப்பை ஏற்றினால் கிச்சன்.

கி.ரா.வும் கு.அழகிரிசாமியும் பிறந்த எங்கள் ஊர் வானம் பார்த்த கரிசல் பூமி. அங்கேயே வளர்ந்ததாலோ என்னவோ, என் மனைவிக்குக் கடல் என்றால் பைத்தியம்.

தூத்துக்குடி, திருச்செந்தூர் தாண்டினோம். ஒரு பக்கம் நீலக் கடல். மறு பக்கம் பனைமரமும் செக்கச் சிவந்த தேரி மணலும். 2024-ல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிய குலசேகரப்பட்டினம் வந்தது. அடுத்து மணப்பாடு. மணல் குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம். 1542-ல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கிய குகையையும் பார்த்தோம்.

ராத்திரி வேன் கதவைத் திறந்து வைத்துக் கட்டுச்சோறு சாப்பிட்டோம். அப்போதுதான் மூன்று மாதமாக மறைத்ததைச் சொன்னேன்.

"வேலை போயிருச்சு."

கொஞ்ச நேரம் அலைச் சத்தம் மட்டும்.

"தெரியும்ங்க."

"எப்படி?"

"ஒண்ணாந்தேதி கடலை மிட்டாய் வாங்கிட்டு வருவீக. மூணு மாசமா வரலையே..."

பி.காம். மூளை! கடன் வாங்கி 'சம்பளம்' என்று கொடுக்கத் தெரிந்தவனுக்கு, கோவில்பட்டி கடலை மிட்டாய் என்ட்ரி விட்டுப்போச்சு!

"இனிமே கடன் வாங்காதீக. சேர்ந்து சமாளிப்போம்" என்றவள், தன் தட்டிலிருந்த அப்பளத்தைப் பாதியாக உடைத்து எனக்கு வைத்தாள்.

இப்போது எழுதிப் பிழைக்கிறேன், சார். செக் முன்னே பின்னே வரும். ஒண்ணாந்தேதி மிட்டாய் மட்டும் தவறுவதில்லை!