போடிமெட்டு ஏறும் டர்போ காருக்கு எந்த மேனிபோல்டு?

போடிநாயக்கனூரில் இருந்து போடிமெட்டுக்குப் போகும் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். முந்தலைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். விடிந்தும் விடியாத நேரத்தில், ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலை ஏறும். மாலையில் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னொரு கூட்டமும் சேர்ந்துகொள்கிறது. பூப்பாறை வழியாக மூணாறு பார்க்கப் போகும் கார்கள் அவை. அவற்றில் பல, டர்போ கார்கள்!

டர்போ கார் வைத்திருக்கும் இளைஞர்கள் சிலருக்கு ஓர் ஆசை. கம்பெனி கொடுத்த மேனிபோல்டைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் எவர்சில்வர் குழாயை மாட்ட வேண்டும் என்ற ஆசை. மாட்டினால் குதிரை சக்தி கூடும் என்கிறார்கள். கூடுமா? கூடும். ஆனால் எந்த ரோட்டில் கூடும்?

புகை செய்யும் வேலை

மேனிபோல்டு என்பது என்ன? என்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரில் இருந்தும் எரிந்த புகை வெளியே வருகிறது. நாலு ஓடைகள் கூடி ஒரு வாய்க்கால் ஆவதுபோல, அந்தப் புகையை எல்லாம் ஒரே வழிக்குக் கொண்டுவரும் குழாய்தான் மேனிபோல்டு.

சாதாரணக் காரில் அந்தப் புகை வீணாகப் போகும். டர்போ காரில் அது ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல்! அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரெட் பியூக்கி 1905-ம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார்.

மலைக்கு இது பெரிய வரம். சுமார் 1,400 மீட்டர் உயரத்தில், காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட நூற்றுக்குப் பதினைந்து பங்கு குறைந்துவிடும். டர்போ இல்லாத பழைய ஜீப்புக்கு அங்கே மூச்சு வாங்கும். டர்போ வண்டி அந்தக் குறையைப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும்.

குட்டையா, நெட்டையா?

கம்பெனி மேனிபோல்டு பெரும்பாலும் வார்ப்பு இரும்பு. குட்டையானது, கனமானது, அழகில்லாதது. புகை சூடு ஆறாமல் சட்டென்று டர்போவுக்குப் போய்ச் சேரும். அதனால் என்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே டர்போ விழித்துக்கொள்ளும்.

கடையில் விற்கும் பந்தயக் குழாய் வேறு மாதிரி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக, ஒரே நீளத்தில், வளைந்து வளைந்து வரும். என்ஜின் வெகு வேகமாகச் சுற்றும்போது இதில் புகை தடையின்றி ஓடும். சக்தி கூடுவதும் அப்போதுதான். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் பந்தயப் பாதையைப் போன்ற இடத்துக்கு அது பொருத்தம்.

போடிமெட்டு வளைவில் என்ன நடக்கிறது? இரண்டாவது கியர். என்ஜின் நிதானமாகச் சுற்றுகிறது. எதிரே ஏலக்காய் மூட்டை ஏற்றிய வண்டி இறங்குகிறது. அதற்கு வழிவிட்டு, மறுபடி மேட்டில் கிளப்ப வேண்டும். அந்த நிமிஷத்தில் டர்போ உடனே இழுக்க வேண்டும். நெட்டைக் குழாய் அங்கே தாமதம் செய்யும். கடைக்காரர் சொல்லும் கூடுதல் சக்தி, அந்த மலைப் பாதையில் யாரும் தொடாத வேகத்தில் அல்லவா இருக்கிறது!

விரிசல் விட்டால்?

பெட்ரோல் டர்போ காரின் புகை 900 டிகிரி சென்டிகிரேடு வரைகூடச் சுடும். அந்தச் சூட்டில் எவர்சில்வர், வார்ப்பு இரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும். ஆறினால் சுருங்கும். மேலே ஏறும்போது பழுக்கக் காய்ந்து, இறங்கும்போது மஞ்சில் ஆறி, மறுபடி காயும். போதாததற்கு டர்போவின் பாரமும் அதன்மேல் தொங்குகிறது. மெல்லிய குழாய் என்றால், வெல்டிங் வைத்த இடத்தில் விரிசல் விடும்.

விரிசல் வழியாக என்ன கசியும்? கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, மணம் இல்லை, ஆளைக் கொல்லும் விஷம். குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பின்சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டு வரும் கார் அது. மலை ஏறும்போது எல்லோருக்கும் தலை வலிக்கிறதா? வளைவுதான் காரணம் என்று விட்டுவிடக் கூடாது. வண்டியை நிறுத்தி, எல்லோரும் கீழே இறங்கி, காற்றோட்டமாக நிற்க வேண்டும்.

விரிசலைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது "டிக் டிக்" என்று சத்தம் வரும். சூடானதும் இரும்பு விரிந்து, சத்தம் நின்றுவிடும். நின்றுவிட்டதே என்று பலர் நிம்மதி அடைகிறார்கள்! மூட்டில் கரி படிந்திருந்தாலும் சந்தேகம்தான்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால்

பழையது உடைந்துபோய் மாற்ற வேண்டி வந்தால், கம்பெனி வார்ப்பு இரும்பே முதல் தேர்வு. எவர்சில்வர்தான் வேண்டும் என்றால், குட்டையானதாகப் பாருங்கள். குழாயின் கனம் மூன்று மில்லிமீட்டர் அளவு இருக்கட்டும். 304 என்ற ரகத்தைவிட 321 என்ற ரகம் சூட்டை அதிகம் தாங்கும். டர்போவைத் தாங்க ஒரு தனி முட்டுக்கம்பி அவசியம். என்ஜினோடு சேரும் தட்டையான முகத்தில் இரும்பு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வாங்குவதற்கு முன், மெக்கானிக்கிடம் ஒரு கேள்வி. "என் காரில் மேனிபோல்டு தனியாக இருக்கிறதா?" புதிய பெட்ரோல் டர்போ கார்கள் பலவற்றில் அது சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கிறது. கழற்றவே முடியாது. ஆசை அங்கேயே தீர்ந்தது!

சில கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கருவியும் அருகிலேயே இணைந்திருக்கும். அதைக் கழற்றி எறிந்தால் புகைப் பரிசோதனையில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. மீறினால், அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டப்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

புது மேனிபோல்டு மாட்டினால் கேஸ்கெட்டும் புதிதாக இருக்க வேண்டும். நட்டுகளையும் மாற்றிவிடுவது நல்லது. முதலில் சில நாள் சமவெளியில், தேனி வரை போய் வந்து ஓட்டிப் பார்க்கலாம். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, நட்டுகளின் இறுக்கத்தை மெக்கானிக்கிடம் இன்னொரு முறை சோதிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு முந்தல் பக்கம் வண்டியைத் திருப்பலாம்.