மாண்டவருக்குப் போய்ச் சேர்வது எது?

பொன்முடி மலையைச் சுற்றி வாழும் மக்களின் சடங்குகளில், இறந்தவர் எங்கே போனார் என்பது அவ்வளவு பெரிய கேள்வியாக இல்லை. இருப்பவரிடமிருந்து அவருக்கு எது போய்ச் சேர்கிறது என்பதுதான் கேள்வி. சோறா, நீரா, பாட்டா, வெறும் நினைப்பா? மலை உச்சியிலிருந்து கடற்கரை வரை இதற்கு வெவ்வேறு விடைகள் கிடைக்கின்றன.

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பொன்முடி. அகத்தியர் மலைத்தொடரின் ஒரு பகுதி அது. தொடரின் மேற்குச் சரிவில் விழும் மழை அரபிக்கடலுக்குப் போகிறது. கிழக்குச் சரிவில் விழுவது தாமிரபரணியில் சேர்கிறது. மாநில எல்லை அந்த முகட்டில்தான் ஓடுகிறது என்றாலும், சாவைப் பற்றிய நம்பிக்கைகள் அந்த எல்லையை மதித்ததாகத் தெரியவில்லை.

இரு சரிவுகளிலும் காணிக்காரர்கள் வாழ்கிறார்கள். கேரளப் பக்கம் விதுரை, பெரிங்கம்மலை வட்டாரங்களிலும், தமிழ்நாட்டுப் பக்கம் பாபநாசம் மேலணையைச் சுற்றிய மயிலாறு, இஞ்சிக்குழி போன்ற இடங்களிலும் அவர்களுடைய குடியிருப்புகள் உள்ளன. தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு அவர்களுடையது. ஊர்த் தலைவர் மூட்டுக்காணி. பூசையும் வைத்தியமும் பார்ப்பவர் பிலாத்தி. நோய் வந்தாலும், கெட்ட ஆவி தீண்டியதாகக் கருதினாலும் பிலாத்தி சாற்றுப்பாட்டுப் பாடுவார். கூட வரும் கருவி கொக்கரை. விளிம்பில் பல்பல்லாக வெட்டிய இரும்புக் குழல் அது. சிறு இரும்புக் கம்பியால் உரசும்போது கரகரவென்று ஒலிக்கும். மலைத் தெய்வங்களையும் மூதாதையரையும் அழைத்து இரவில் நீண்ட நேரம் பாட்டு நடக்கும். மூதாதையர் மலையை விட்டுப் போய்விடவில்லை, கூப்பிட்டால் கேட்கும் தொலைவில்தான் இருக்கிறார்கள் என்பது அந்தப் பாட்டின் அடிப்படை.

பிலாத்தியின் வேலையில் மூலிகையும் பாட்டும் பிரியாதவை. வெளியுலகம் அவற்றைப் பிரித்தது. 1987இல் அகத்தியர் மலைக்கு ஆய்வுக்குப் போன அறிவியலாளர்கள், வழிகாட்டிய காணிக்காரர்கள் களைப்புத் தீர ஒரு செடியின் காயை மெல்வதைக் கண்டார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. வருமானத்தில் காணிக்காரர்களுக்கும் பங்கு என்ற ஏற்பாட்டுக்காக 1997இல் ஓர் அறக்கட்டளையும் பதிவானது. பாட்டுக்கு அப்படி யாரும் உரிமம் கேட்டு வரவில்லை.

முறையாக வாழ்ந்து முடித்தவர் மூதாதையர் ஆகிறார். பாதியில் வெட்டுப்பட்டுச் செத்தவர்? தென் திருவிதாங்கூரிலும் திருநெல்வேலியிலும் இதற்குத் தெளிவான விடை உண்டு: அவர் தெய்வமாகிறார், ஆனால் ஆறாத தெய்வமாக. வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் கயிலாயத்தில் பிறந்த தெய்வங்களையும், மண்ணில் பிறந்து கொலையுண்டு தெய்வமானவர்களையும் வேறு வேறாகவே வைக்கிறார்கள். இரண்டாம் வகைக்கு ‘வெட்டுப்பட்ட வாதை’ என்று பேர். இவ்வகையில் நன்கு அறியப்பட்டவர் முத்துப்பட்டன். அந்தணர் குலத்தில் பிறந்து, சக்கிலியர் குலத்துச் சகோதரிகளான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, மாமனாரின் தொழிலை ஏற்று மாடு காத்து, மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்டவர் அவர் என்கிறது கதை. மனைவியர் இருவரும் அவரோடு தீயில் இறங்கினர். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்திருக்கிறார். பொன்முடிக்கு மறுபக்கம், காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயன் என்ற பேரில் முத்துப்பட்டனுக்கு இன்றும் பூசை நடக்கிறது. பக்தர்கள் அவருக்குத் தோல்செருப்பைக் காணிக்கையாகத் தருகிறார்கள். கட்டிய செருப்பு சில காலத்தில் நடந்து தேய்ந்தது போலாகிவிடும், பட்டவராயன் இரவில் காட்டைச் சுற்றிக் காவல் காப்பதன் அடையாளம் அது என்பது நம்பிக்கை. சாதியின் பேரால் ஒதுக்கப்பட்ட ஒரு வாழ்வைச் சாவுக்குப் பின் ஊர் கையெடுத்துக் கும்பிடுகிறது. அந்த முரணை வில்லுப்பாட்டு மறைப்பதில்லை.

இறந்தவரைத் தெய்வமாக்கும் வழி தெரியாத இடத்தில் பேய்க்கதைதான் மிஞ்சும். பொன்முடிக்கு அருகிலுள்ள போணக்காடு எஸ்டேட்டில் பாழடைந்து கிடக்கும் பங்களா ஒன்று அப்படிப்பட்டது. வெள்ளைக்கார மேலாளர் ஒருவரின் மகள், பதின்மூன்று வயதுச் சிறுமி, அங்கே இறந்தாள் என்றும் அவள் ஆவி உலவுகிறது என்றும் ஒரு கதை. விறகு பொறுக்கப் போன உள்ளூர்ப் பெண் ஒருத்தி திரும்பி வந்து தெரியாத ஆங்கிலத்தைத் தடங்கலின்றிப் பேசினாள் என்பது இன்னொரு கதை. இவற்றுக்கு ஆவணச் சான்று எதுவும் இல்லை. ஆனால் பேயைப் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்போடு இருட்டில் அங்கே நுழைபவருக்குக் காற்றில் ஆடும் கதவே போதும்.

இந்தப் பகுதியின் மிகப் பெரிய மரணச் சடங்கு ஆண்டுக்கு ஒரு நாள், இரு சரிவுகளிலும் ஒரே நேரத்தில் நடக்கிறது. கேரளத்தில் அதற்குக் கர்க்கிடக வாவு என்று பேர். தமிழ்நாட்டில் ஆடி அமாவாசை. சொரிமுத்து ஐயனார் கோயிலில் பெருந்திருவிழா அன்றுதான். தாமிரபரணிக் கரையிலுள்ள பாபநாசத்தில் மக்கள் முழுகித் தர்ப்பணம் கொடுக்கும் அதே காலையில், மேற்கே வர்க்கலையின் கடற்கரையிலும் பலி இடுகிறார்கள். அந்தக் கடற்கரைக்கும் பாபநாசம் என்றே பேர். திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றங்கரையிலுள்ள திருவல்லம் பரசுராமர் கோயிலும் சங்குமுகம் கடற்கரையும் அருவிக்கரையும் விடியும் முன்பே நிரம்பிவிடும்.

பலி இடுபவர் முந்தின நாள் ஒருவேளைச் சோறு மட்டும் உண்டு நோன்பிருப்பார். ‘ஒரிக்கல்’ என்பார்கள். மறுநாள் ஈரத்துணியோடு வந்து, தர்ப்பையால் முடிந்த பவித்திரத்தை விரலில் அணிந்து, வாழையிலையில் எள்ளும் பூவும் நீரும் சேர்த்துச் சோற்றுருண்டையைப் பிண்டமாக வைப்பார். பின் ஈரக் கையைத் தட்டிக் காகத்தை அழைப்பார், அல்லது பிண்டத்தை நீரில் விடுவார். கூட்டம் பெரிதாக இருக்கும் இடங்களில் ஒரே புரோகிதர் ஒலிபெருக்கியில் மந்திரம் சொல்ல, வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள். மந்திரம் எல்லாருக்கும் பொது. இறந்தவரின் பேர் வரும் இடத்தில் மட்டும் அவரவர் தாயையோ தகப்பனையோ மனத்தில் நினைக்க வேண்டும். அந்த நினைப்பு தவறினால் அருகில் இருப்பவரின் பிண்டத்துக்கும் தன்னுடையதற்கும் வேறுபாடே இல்லை.

மனத்தில் நினைத்து உறுதி கொள்வதற்குச் சாத்திரம் தரும் பேர் சங்கல்பம். எந்த நாளில், யாருக்காக, எதற்காகச் செய்கிறேன் என்று சொல்லாமல் செய்த சடங்கு பலன் தராது என்பது விதி. சாத்திரக் கணக்கில், இறந்தவர் முதலில் பிரேதம். பிண்டங்களால் அவருக்கு ஓர் உடல் அமைகிறது. முறைப்படி ஓராண்டு முடிவிலும், நடைமுறையில் பெரும்பாலும் பன்னிரண்டாம் நாளிலும் செய்யும் சபிண்டீகரணத்தால் அவர் முன்னோர் வரிசையில் சேர்கிறார். தந்தை, பாட்டன், முப்பாட்டன் மூவரும் வசு, ருத்திரர், ஆதித்தியர் என்ற வடிவங்களில் உணவு பெறுகிறார்கள். ஏன் அமாவாசையில்? வானியலாளர் பாஸ்கரர் 1150இல் எழுதிய சித்தாந்த சிரோமணியில் ஒரு விளக்கம் இருக்கிறது: பித்ருக்கள் நிலவின் மேல்பக்கத்தில் வாழ்கிறார்கள், அமாவாசையன்று சூரியன் அவர்களின் தலைக்கு நேர் மேலே நிற்கிறது, ஆகவே அது அவர்களுக்கு நடுப்பகல். பித்ருக்களை விட்டுவிட்டுப் பார்த்தால் வானியல் பிழையற்றது. அமாவாசையில் நிலவின் மறுபக்கம் முழு வெயிலில்தான் இருக்கிறது.

எள்ளுக்கும் அரிசிக்கும் வழியில்லாத ஏழை என்ன செய்வான்? விஷ்ணு புராணம் இதற்கும் வழி சொல்கிறது. காட்டுக்குப் போய், இரு கைகளையும் உயர்த்தி, தன்னிடம் பொருள் ஏதும் இல்லை, பக்தி மட்டுமே இருக்கிறது, அதனால் முன்னோர் நிறைவடையட்டும் என்று உரக்கச் சொன்னால் போதும், சிராத்தம் நிறைவேறிவிடும். சோறும் நீரும் துணைப்பொருள்கள், போய்ச் சேர்வது நினைப்பே என்று புராணமே ஒப்புக்கொள்ளும் இடம் இது. அவ்வளவு சுருக்கமான சலுகையைப் புரோகிதர்கள் அதிகம் விளம்பரப்படுத்துவதில்லை என்பதில் வியப்பு இல்லை.

கிறித்தவர்களிடமும் இதே கேள்வி பிளவை உண்டாக்கியது. சாவுக்குப் பின் தூய்மையாகும் நிலையான உத்தரிக்கிற ஸ்தலத்திலிருக்கும் ஆன்மாக்களுக்கு உயிரோடிருப்பவரின் செபம் உதவும் என்பது கத்தோலிக்கரின் நம்பிக்கை. நவம்பர் 2இல் திருவனந்தபுரத்துக் கடலோர ஊர்களில் கல்லறைகள் மந்திரிக்கப்படுவது அதனால்தான். 1806இல் தென் திருவிதாங்கூருக்கு வந்த மதபோதகர் ரிங்கல்தௌபே வழிவந்த புராட்டஸ்டன்ட் சபைகள் அதை ஏற்பதில்லை. அவர்களைப் பொறுத்தவரை இறந்தவரின் கணக்கு அவர் சாகும்போதே முடிந்துவிடுகிறது.

சாகும் நேரத்து நினைப்பைப் பற்றித் தனியாக ஒரு கோட்பாடு உண்டு. கடைசி மூச்சில் எதை நினைக்கிறானோ அதையே ஒருவன் அடைகிறான் என்கிறது பகவத் கீதையின் எட்டாம் அத்தியாயம். பாகவதத்தில் வரும் பரதன் அரசைத் துறந்து காட்டில் தவமிருந்தவன்; தாயற்ற மான்குட்டி ஒன்றை வளர்த்து, அதையே எண்ணிக்கொண்டு இறந்ததால் மானாகப் பிறந்தான். அஜாமிளன் வாழ்நாள் முழுதும் பாவம் செய்தவன். சாகும் அச்சத்தில் நாராயணன் என்ற தன் மகனைக் கூப்பிட்டான், அதுவே அவனைக் காத்தது. ஒருவன் தவறான நினைப்பால் கீழிறங்கினான், இன்னொருவன் தற்செயலான நினைப்பால் மேலேறினான். உரையாசிரியர்கள் இதைச் சமாளிக்க, வாழ்நாள் பழக்கமே கடைசி நினைப்பாக வரும் என்று சொல்லி வைத்தார்கள். சாகக் கிடப்பவர் காதில் இறைவன் பேரை ஓதும் வழக்கம் அந்த உத்தரவாதத்தை மட்டும் நம்பி இருக்கவில்லை.

சிலர் இறப்பதே இல்லை என்ற நம்பிக்கையும் இந்த மலைக்கு உரியது. பொன்முடியிலிருந்து தெரியும் தொலைவில் 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கும் அகத்தியர்கூடத்தில் அகத்தியர் இன்னும் தவமிருக்கிறார் என்று நம்புகிறவர்கள் உண்டு. யோகியின் மரணம் மரணமல்ல, சமாதி. அதனால் அவர் உடலை எரிப்பதில்லை. திருமந்திரம் சமாதிக் குழியின் அளவையே தருகிறது: ஒன்பது சாண் ஆழம், சுற்றிலும் ஐந்து சாண், உள்ளே முக்கோணமான குகை, அதில் பத்மாசனத்தில் அமர்ந்த உடல். திருவனந்தபுரம் தைக்காட்டில் வாழ்ந்த தமிழர் ஐயாவு சுவாமிகள் இந்த மரபைச் சேர்ந்தவர். ஆங்கிலேயரின் ரெசிடென்சியில் மேற்பார்வையாளராக வேலை பார்த்துக்கொண்டே யோகம் கற்பித்தார். சட்டம்பி சுவாமிகளும் நாராயண குருவும் அவரிடம் பயின்றார்கள். 1909இல் அவர் சமாதி அடைந்த இடத்தில் இப்போது சிவன் கோயில் இருக்கிறது. அங்கே அவருக்கு யாரும் திதி கொடுப்பதில்லை, அவரிடம் கேட்கிறார்கள். நகரின் பீமாபள்ளித் தர்காவிலும் அப்படித்தான். பீமா பீவியின் அடக்கத்தலத்தில் எல்லாச் சமயத்தவரும் நோய் தீர வேண்டிக்கொள்கிறார்கள். சாதாரண மனிதருக்கு இருப்பவர் அனுப்ப வேண்டும்; மகான்களிடமிருந்து இருப்பவருக்கு வரும்.

நினைப்பே ஒரு பொருள் என்று நூலெழுதியவர்கள் சென்னை அடையாற்றில் இருந்தார்கள். 1875இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சபை 1882இல் அங்கே தலைமையிடத்தை அமைத்தது. சபையைச் சேர்ந்த அன்னி பெசன்ட் சாவுக்குப் பின் உள்ள நிலைகளைப் பற்றி 1893இல் ஒரு நூல் எழுதினார். பின்னர் எண்ணத்தின் ஆற்றலைப் பற்றி இன்னொன்று. 1905இல் சக உறுப்பினர் லெட்பீட்டரோடு சேர்ந்து, எண்ணங்கள் நிறமும் வடிவமும் கொண்டு வெளியே மிதப்பதாகப் படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். அதில் அன்பு ரோஜா நிறம், சினம் சிவப்பு. அந்த நூல் ஐரோப்பாவின் நவீன ஓவியர்கள் சிலரை ஈர்த்தது. இறந்தவர் ‘தேவகான்’ என்ற நிலையில் தாம் வளர்த்த எண்ணங்களுக்குள்ளேயே வாழ்கிறார் என்றது சபை. எண்ணினால் கிடைக்கும் என்று இன்று விற்பனையாகும் பல நூல்களின் சொற்களை நூறாண்டுக்கு முன்பே இந்தச் சபை அச்சிட்டுவிட்டது.

ஒருவர் நினைப்பு இன்னொருவர் உடலைத் தொடுமா என்பதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் அமெரிக்காவில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரிடம் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. தங்களுக்காகச் செபம் நடக்கிறதா என்று தெரியாதவர்களில், நடந்தவர்களுக்கு 52 விழுக்காடும் நடக்காதவர்களுக்கு 51 விழுக்காடும் சிக்கல் ஏற்பட்டது. வேறுபாடு இல்லை என்றே பொருள். உறுதியாக நடக்கிறது என்று சொல்லப்பட்டவர்களுக்கு 59 விழுக்காடு. இவ்வளவு பேர் செபிக்கும் அளவுக்கா நம் நிலைமை என்ற கவலை காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். அந்த ஊகம் சரியென்றால், நினைப்பு வேலை செய்தது, கவலைப்பட்டவரின் உடம்பிலேயே.

இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்வது மலைமக்களுக்கோ பக்தர்களுக்கோ மட்டும் உரியது அல்ல. வேல்ஸ் நாட்டில் டூயி ரீஸ் என்ற மருத்துவர் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் விசாரித்து 1971இல் முடிவுகளை வெளியிட்டார். ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்த துணையின் இருப்பை உணர்ந்திருந்தார்கள். சிலர் குரல் கேட்டிருந்தார்கள், சிலர் உருவத்தையே கண்டிருந்தார்கள். பெரும்பாலோருக்கு அது அச்சமாக இல்லை, ஆறுதலாகவே இருந்தது. மனநோயின் அறிகுறியாக ரீஸ் அதைக் கருதவில்லை. அவர்களில் பெரும்பகுதியினர் மருத்துவர் கேட்கும் வரை அதை யாரிடமும் சொன்னதில்லை.