கொலுப்படிக்கு 12 வோல்ட் போதும்

நவராத்திரி நெருங்கினால் பரணிலிருந்து பொம்மைகளோடு பழைய சீரியல் செட்டும் இறங்கும். நெல்மணி அளவு பல்பு, நூல் மாதிரி வயர். பார்க்க அப்பாவியாக இருக்கும். ஆனால் அது செருகப்படுவது நேராக 230 வோல்ட்டில். பல்புகளைச் சரமாகக் கோத்திருப்பதால் ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சில வோல்ட்தான் எடுத்துக்கொள்கிறது. வயர் உரிந்த இடத்தில் விரல் பட்டால் நம்மைத் தாக்குவது வீட்டு மின்சாரமேதான்.

கொலுப்படி, பூஜை அலமாரி போன்ற சின்ன வேலைகளுக்கு 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப் போதும். 5 மீட்டர் சுருளாக வரும். கண்ணருகே வைத்துப் பாருங்கள்: மூன்று விளக்குக்கு ஒரு கோடு, அதன் இருபுறமும் செம்புப் பொட்டுகள், சிலவற்றில் குட்டிக் கத்தரிக்கோல் படம். வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். மூன்றைக் கோத்தால் ஒன்பதைத் தாண்டும். மிச்சத்தைப் பக்கத்திலிருக்கும் கறுப்பு ரெசிஸ்டர் விழுங்கிவிடும். அந்த மூன்றும் ஒரு குடும்பம். கோட்டை விட்டு நடுவில் வெட்டினால் மூன்றுமே எரியாது.

கடையில் 3528, 5050 என்று எண் சொல்வார்கள். விளக்கின் அளவுதான் அது: 3.5க்கு 2.8 மில்லிமீட்டர், 5க்கு 5. மீட்டருக்கு 60 விளக்கு உள்ள 3528 சுமார் 4.8 வாட் எடுக்கும். 5050 என்றால் 14.4 வாட். பின்னது கொலுவுக்குக் கல்யாண மண்டப வெளிச்சம், வேண்டாம். நிறத்தில் 3000 கெல்வின் வார்ம் ஒயிட் கேளுங்கள். 6500இல் மண்பொம்மையின் முகம் வெளிறிப்போகும்.

5 மீட்டர் 3528க்கு 24 வாட். பன்னிரண்டால் வகுத்தால் 2 ஆம்பியர். அடாப்டர் மூச்சு வாங்காமலிருக்க 3 ஆம்பியராக வாங்குவது நல்லது. 2 மீட்டர் போதுமென்றால் பழைய ரவுட்டரின் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டரே தாங்கும். லேபிளைப் படித்துவிட்டுச் செருகுங்கள். நான் 9 வோல்ட் அடாப்டரைச் செருகிவிட்டு, ஸ்ட்ரிப் மங்கலாகத்தான் எரிகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய் அசடு வழிந்திருக்கிறேன்.

சென்னை ரிச்சி தெருவில் ஸ்ட்ரிப்புக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசலாம். அடாப்டரில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள், பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 230 வோல்ட் அந்தப் பெட்டிக்குள்தான் நிற்கிறது. மிஞ்சிய ஸ்ட்ரிப்பைச் சுருளாகவே வைத்து எரியவிட்டால் சூடேறும். கோடு பார்த்து வெட்டிவிடுங்கள்.