பழைய இரும்புக் கடையில் ஓர் ஆய்வகம்

பள்ளிக்கூடத்தில் காந்தவியலையும் இயக்கவியலையும் செய்து காட்டத் தேவையான சாமான்களில் பெரும்பகுதி பழைய இரும்புக் கடையிலேயே கிடைத்துவிடும். கெட்டுப்போன ஸ்பீக்கரின் பின்பக்கம் வளையக் காந்தம் இருக்கிறது. ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் விளிம்புக்குள் காந்தப் பட்டை ஓடுகிறது. இரும்புத் தூள் வேண்டுமென்றால் காந்தத்தைப் பாலிதீன் பையில் சுற்றிப் பட்டறைத் தரையில் இழுக்கலாம்; பையை உரித்தால் தூள் உதிர்ந்துவிடும். பை இல்லாமல் இழுத்தால், ஒட்டிய தூளைச் சுரண்டுவதிலேயே ஒரு பாடவேளை போய்விடும்.

இந்த வழி புதிதல்ல. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், கிராமத்துப் பிள்ளைகளைத் தம் கையாலேயே சோதனை செய்ய வைத்தது. அதில் ஈடுபட்ட அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூப்பையும் பாடக் கருவிகளாக்கினார்.

காந்தத்தில் ஒரே திசையாகப் பலமுறை தேய்த்த ஊசியைத் தெர்மாகோல் துண்டில் வைத்து நீரில் மிதக்கவிட்டால் வடக்கு தெற்காக நிற்கும். அதன்மேல் மின்னோட்டம் பாயும் கம்பியை நீட்டினால் ஊசி விலகும். 1820-இல் எர்ஸ்டெட் கண்டது இதைத்தான்.

அடுத்தது மோட்டார். டார்ச் செல்லின் இரு முனைகளிலும் சைக்கிள் டியூப் ரப்பரால் இரண்டு ஊக்குகளை இறுக்கி, நடுவில் காந்தத்தை ஒட்ட வேண்டும். எனாமல் பூசிய செம்புக் கம்பியைப் பத்துச் சுற்று சுற்றி, அதன் முனைகளை ஊக்குகளின் துளைகளில் செருக வேண்டும். சூட்சுமம் எனாமலைச் சுரண்டுவதில் இருக்கிறது. ஒரு முனையில் முழுவதும் சுரண்டலாம். மறுமுனையில், சுருளைச் செங்குத்தாகப் பிடித்து, மேல்பாதியை மட்டுமே சுரண்ட வேண்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டினால் சுருள் அரைச் சுற்று வந்ததும் விசை எதிர்ப்பக்கம் திரும்பும். சுருள் ஊசலாடி நின்றுவிடும். பாதி எனாமல் இருந்தால் அந்த அரைச் சுற்றில் மின்சாரம் அறுபட, நிலைமத்தால் சுருள் தாண்டிச் சுழலும். தொடக்கத்தில் விரலால் ஒரு தட்டு தேவை. ஓடாமல் நின்றால் கம்பி சூடேறும். உடனே கழற்றிவிட வேண்டும்.

இயக்கவியலுக்கு நூலும் ஒரு நட்டும் போதும். தொங்கும் புள்ளியிலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை 1 மீட்டர் இருந்தால் 20 அலைவுக்குச் சுமார் 40 நொடி ஆகும். 25 சென்டிமீட்டராக்கினால் அதில் பாதி. நட்டை விடும்போதே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்குவது மாணவர்களிடம் வழக்கமான பிழை. சுழியத்திலிருந்து எண்ண வேண்டும். எடையைக் கூட்டினாலும் நேரம் மாறாது என்று காட்ட, இரண்டாவது நட்டை முதல் நட்டின் பக்கத்தில் கட்ட வேண்டும். கீழே தொங்கவிட்டால் ஊசலின் நீளம் கூடி, நேரமும் கூடிவிடும்.