கொல்லிமலை வீட்டில் ஒரு நெட்வொர்க் லேப்

சிசிஎன்ஏ என்ற நெட்வொர்க் சான்றிதழ் தேர்வுக்குப் படிக்கிறவர் வீட்டில் அமைக்கும் லேபுக்கு இரண்டு ரூட்டர், இரண்டு சுவிட்ச், ஒரு கன்சோல் கேபிள், ஒரு மடிக்கணினி போதும். சமவெளியில் இந்தப் பட்டியல் இத்தோடு முடிந்துவிடும். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், செம்மேட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் லேப் அமைக்கிறவர் பட்டியலின் முதல் வரியில் மின்சாரத்தை எழுத வேண்டும். கோடை இடிமழையிலும் ஐப்பசி மழையிலும் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தின் கிளை ஒன்று மின்கம்பியில் விழுந்தால், கரன்ட் எப்போது திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது.

தேர்வு 120 நிமிடம். கட்டணம் 300 டாலர், வரி தனி. மதிப்பெண்ணில் ஐபி இணைப்புக்கு 25 சதவீதம், அடிப்படைக்கும் நெட்வொர்க் அணுகலுக்கும் தலா 20, பாதுகாப்புக்கு 15, ஐபி சேவைகளுக்கும் ஆட்டோமேஷனுக்கும் தலா 10. கட்டணத்தின் அளவைப் பார்த்தாலே, தோற்றுவிட்டு மறுபடி எழுதுவது மலைக் குடும்பங்களுக்கு எத்தனை பாரம் என்பது விளங்கும்.

பாக்கெட் டிரேசர் என்ற பயிற்சி மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும்போது ரூட்டர், சுவிட்ச் பெட்டிகள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. முதல் சில மாதங்களுக்கு அது போதும் என்பது உண்மைதான். ஆட்டோமேஷன் பகுதிக்கும் பெட்டி தேவையில்லை. ஆனால் அந்த மென்பொருளில் கேபிள் தளர்வதில்லை, மின்விசிறி நிற்பதில்லை, கரன்ட் தானாகப் போவதில்லை. வேலைக்குப் போனபின் எதிர்கொள்ளப் போவது பெரும்பாலும் இவற்றைத்தான்.

நிறுவனங்கள் கழித்துவிட்ட 2960 வகை சுவிட்சுகளும் 1841 ரூட்டர்களும் சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் பழைய சரக்காகக் கிடைக்கின்றன. வாங்கும் இடத்திலேயே பெட்டியை ஓட்டிப் பார்த்து, மின்விசிறி சுற்றுகிறதா, எல்லா போர்ட்டிலும் விளக்கு எரிகிறதா என்று சோதித்துவிட வேண்டும். மலைக்குக் கொண்டுவந்த பிறகு மாற்றுவதற்காகக் காரவள்ளி மலைப்பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி ஏறுவது லேசான காரியமில்லை. முந்தைய உரிமையாளரின் பாஸ்வேர்டு இருந்தால் பயப்பட வேண்டாம். ரூட்டரில் கான்ஃபிக் ரெஜிஸ்டரை 0x2142 என மாற்றித் திறந்து, வேலை முடிந்ததும் மறக்காமல் 0x2102க்குத் திருப்பிவிட்டால் சரி.

மின்செலவையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். நான்கு பெட்டிகளும் சேர்ந்து சுமார் 150 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால், நாளுக்கு 4 மணி நேரத்துக்கு 0.6 யூனிட். இரண்டு மாதத்தில் 36 யூனிட். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த லேபே எடுத்துக்கொள்ளும். படிக்காத நேரத்தில் பெட்டிகளை ஓடவிடக் கூடாது.

இனி மின்வெட்டு. அது கெடுக்கும், கற்றும் கொடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு ரேமில்தான் இருக்கிறது. அதை ஸ்டார்ட்டப் அமைப்பாகச் சேமிக்காமல் விட்டால், கரன்ட் திரும்பும்போது மாலை முழுவதும் செய்த வேலை இருக்காது. சுவிட்சில் நிலைமை இன்னும் நுட்பமானது. உருவாக்கிய விலான்கள் vlan.dat என்ற கோப்பில் பிழைத்திருக்கும். அவற்றுக்கு ஒதுக்கிய போர்ட்டுகள் மட்டும் விலான் 1க்கே திரும்பியிருக்கும். பட்டியலில் விலான் தெரிகிறது, ஆனால் கணினிகள் எதிர்பார்த்தபடி பேசுவதில்லை. இந்தக் குழப்பத்தை ஒருமுறை தானே அவிழ்த்தவருக்கு அந்தப் பாடம் மறக்காது.

சுவிட்ச் விழித்த பிறகும் காத்திருப்பு முடியாது. பழைய ஸ்பானிங் ட்ரீயில் ஒவ்வொரு போர்ட்டும் கேட்டல் நிலையில் 15 நொடி, கற்றல் நிலையில் 15 நொடி நின்ற பிறகே தகவலைக் கடத்தும். அதற்குள் மடிக்கணினி டிஎச்சிபியிடம் முகவரி கேட்டு, பதில் வராமல் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே சூட்டிக்கொள்ளும். போர்ட்ஃபாஸ்ட் எதற்கு என்பது அப்போது தானாகப் புரியும். ரூட் பிரிட்ஜ் தேர்வையும் அதே நேரத்தில் பார்க்கலாம். எல்லா சுவிட்சிலும் முன்னுரிமை 32768 என்றே இருந்தால் சிறிய மேக் எண் வெல்லும். அது பெரும்பாலும் இருப்பதிலேயே பழைய பெட்டியாக இருக்கும். கழித்துப் போட்ட சரக்கு நெட்வொர்க்குக்குத் தலைமை தாங்குவதைக் கண்ணால் கண்டவர், முன்னுரிமையைக் கையால் அமைக்காமல் விடமாட்டார்.

மின்வெட்டு உண்மையில் சேதம் செய்வது மென்பொருளைப் புதுப்பிக்கும் நேரத்தில். பழைய ஐஓஎஸ் கோப்பை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றும்போது நடுவில் கரன்ட் போனால் சுவிட்சில் ஓடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. மீட்கும் வழி, கன்சோல் வழியாக எக்ஸ்மோடமில் அனுப்புவது. 10 எம்பி கோப்புக்கு 9600 வேகத்தில் ஏறக்குறைய 3 மணி நேரம் ஆகும். அதற்குள் மறுபடி மின்வெட்டு வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேகத்தை 115200க்கு உயர்த்தினால் கால் மணி நேரத்தில் முடியும். இதைவிட நல்லது, இடமிருந்தால் பழைய கோப்பை அழிக்காமல் புதியதைப் பக்கத்தில் ஏற்றி, எம்டி5 சரிபார்த்து, பிறகே பூட் வரியை மாற்றுவது. வானம் இருட்டிய மாலையில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் அதன் பின்புறப் பொத்தானை யுபிஎஸ் நிலையில் வைக்க வேண்டும். இல்லையென்றால் கரன்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் இடைவெளியில், விளக்கு அணையாமலே ரூட்டர் ரீபூட் ஆகும்; மாணவர் தன் கட்டளையில் பிழை தேடிக்கொண்டிருப்பார்.

இடி இதையெல்லாம்விட ஆபத்தானது. பழைய வீடுகளில் மூன்று துளை பிளக்கில் எர்த் கம்பி இணைக்கப்படாமலே இருப்பதுண்டு. லேபுக்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிசெய்தாக வேண்டும். ஒரு ரூட்டர் வாங்கும் காசை இதில் போட்டாலும் தவறில்லை. கூரையிலுள்ள வைஃபை கருவிக்கோ பக்கத்து வீட்டுக்கோ வெளியே போகும் செம்புக் கேபிள், அருகில் விழும் இடியின் மின்னழுத்தத்தை நேராக உள்ளே கொண்டுவரும். ஈதர்நெட் போர்ட்டில் மின்னைப் பிரிக்கும் சிறு டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. சாதாரணக் கன்சோல் கேபிளில் அந்தத் தடுப்பு கிடையாது. ஆகவே ரூட்டருக்கு வந்த இடி மடிக்கணினியையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். கண்ணாடி இழையான ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அதன் பெட்டிக்குக் கரன்ட் தரும் அடாப்டர் கடத்தும். இடி உறுமத் தொடங்கும் முன்பே பிளக், வெளிக் கேபிள், கன்சோல் மூன்றையும் பிடுங்குவதே முறை. சுவரிலுள்ள மின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

மின்வெட்டும் இடியும் இப்படி இருப்பதால் தேர்வையும் வீட்டிலிருந்தபடி ஆன்லைனில் எழுதுவதை மலையில் இருப்பவர் தவிர்ப்பது நல்லது. இணைப்பு அறுந்தால் தேர்வு பாதியில் நின்றுபோகலாம். சமவெளி மையத்தில் இடம் பதிவு செய்து, முதல் நாளே மலையிறங்கிவிட வேண்டும். தேறினால் சான்றிதழ் 3 ஆண்டு செல்லும்.