காசநோய்த் தடுப்பூசியும் அதற்குத் துணைநிற்கும் பொருளும்

இந்நாட்டில் பிறந்தவர்களுள் பெரும்பாலானோரின் இடது மேற்கையில் சிறியதொரு தழும்பு காணப்படுகின்றது. அது பிறந்தவுடன் ஏற்றப்படும் பி.சி.ஜி. தடுப்பூசியின் அடையாளமாகும். பாமன்கடையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒருவருக்கு வாரக்கணக்கில் இருமல் நீடித்து, காசநோயாக இருக்கலாமென வைத்தியர் கூறும்போது, "அதற்குத்தான் சிறு வயதிலேயே ஊசி போட்டாயிற்றே" என வீட்டார் மறுத்துரைப்பதை நாம் கேட்டிருக்கின்றோம். இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் சரியானது என்பதையும், அதன் குறையை நிவர்த்திக்க உலகம் இன்று எதனை நாடி நிற்கின்றது என்பதையும் வாசகர்கள் அறிந்திருப்பது அவசியமாகும்.

பி.சி.ஜி. முதன்முதலாக 1921 இல் பாரிஸ் நகரில் குழந்தையொன்றுக்கு வழங்கப்பட்டது. இலங்கையில் அது 1949 இல் அறிமுகமானது. குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் கொடிய காசநோயிலிருந்து அது காப்பாற்றுகின்றது. ஆயினும் வளர்ந்தோரின் நுரையீரலைப் பொறுத்தவரை நிலைமை வேறாகும். தமிழகத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968 இல் ஆரம்பிக்கப்பட்ட மாபெரும் கள ஆய்வில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோர் சேர்க்கப்பட்டனர். வளர்ந்தோரின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி. பயனளிக்கவில்லை என்பதே அதன் முடிவு. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த பின்னரும் அம்முடிவு மாறவில்லை. நோயை மற்றவருக்குப் பரப்புவோர் பெரும்பாலும் வளர்ந்தோரே என்பதால், தழும்பை நம்பி இருமலை அலட்சியம் செய்வது தவறாகும்.

இதனிடையே கிருமியும் தன் குணத்தை மாற்றிக் கொண்டுள்ளது. ஐசோனியாசிட், ரிபாம்பிசின் ஆகிய இரு பிரதான மருந்துகளுக்கும் அடங்காத காசநோயால், ரிபாம்பிசினுக்கு மட்டும் அடங்காதது உட்பட, 2023 இல் உலகெங்கும் சுமார் 4 இலட்சம் பேர் பீடிக்கப்பட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. முன்னர் இதற்கு ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகச் சிகிச்சை பெற வேண்டியிருந்தது. ஏற்றப்பட்ட ஊசி மருந்துகளால் செவிப்புலனை இழந்தோரும் உளர். 2022 இல் பரிந்துரைக்கப்பட்ட புதிய மருந்துச் சேர்க்கை இக்காலத்தை ஆறு மாதங்களாகக் குறைத்துள்ளமை ஆறுதலளிக்கின்றது. எனினும் புதிய மருந்துக்கும் கிருமி ஒருநாள் பழகிவிடக்கூடும். தடுப்பூசியின் நிலை அவ்வாறானதன்று. மருந்துக்கு அடங்கும் கிருமி, அடங்காத கிருமி என்ற பேதத்தை உடலின் எதிர்ப்புச் சக்தி பார்ப்பதில்லை. அது இரண்டையும் ஒரே பகைவனாகவே இனங்காண்கின்றது.

உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து உருவாக்கப்பட்டதே பி.சி.ஜி. புதிய தடுப்பூசிகள் சில, கிருமியின் ஓரிரு புரதங்களை மாத்திரமே கொண்டவை. தூய புரதத்தைத் தனியே ஏற்றினால் உடல் அதனைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. ஆபத்து வந்துவிட்டதென உடலைத் தட்டியெழுப்ப வேறொன்று தேவை. அதுவே 'அட்ஜுவன்ட்' எனப்படும் துணையூக்கியாகும். மருந்தின் பலனைக் கூட்டுவதற்காகத் தேனையோ இஞ்சிச் சாற்றையோ சேர்த்துக் கொடுக்கும் நாட்டு வைத்தியரின் அனுபானத்தை இதற்கு ஓரளவு ஒப்பிடலாம்.

1920களில் பிரெஞ்சு விஞ்ஞானி கஸ்தோன் ரமோன், மரவள்ளி மாவையும் பாண் தூளையுங்கூட மருந்துடன் கலந்து குதிரைகளுக்கு ஏற்றி, எதிர்ப்புச் சக்தி கூடுவதைக் கண்டறிந்தார். 1926 இல் பிரித்தானியரான கிளெனி, நாம் நன்கறிந்த படிகாரத்தைப் பயன்படுத்தி வெற்றி கண்டார். அலுமினிய உப்புகள் இன்றும் பல தடுப்பூசிகளில் துணையூக்கியாக உள்ளன. ஆனால் அவை பெரும்பாலும் இரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருட்களையே பெருக்குகின்றன. காசநோய்க் கிருமியோ உடலின் காவற் கலங்களுக்குள்ளேயே புகுந்து ஒளிந்து கொள்கின்றது. அதனை அங்கு சென்று தாக்க 'ரி' கலங்கள் எனப்படும் வேறொரு படையை எழுப்ப வேண்டும். படிகாரத்தால் அது கைகூடவில்லை.

'எம் 72' என்ற தடுப்பூசியில் சேர்க்கப்படும் 'ஏ.எஸ். 01' என்ற துணையூக்கி இவ்வகையில் முக்கியத்துவம் பெறுகின்றது. அதில் இரண்டு பொருட்கள் நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் இணைக்கப்பட்டுள்ளன. ஒன்று, பக்டீரியாவின் வெளிச்சவ்விலிருந்து நச்சுத்தன்மை நீக்கிப் பெறப்படுவது. மற்றையது, சிலி நாட்டு மரமொன்றின் பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. நமது பூந்திக்கொட்டையைப் போன்றே அப்பட்டையும் நீரில் நுரைக்கும் இயல்புடையது. தென்னாபிரிக்கா, கென்யா, சாம்பியா ஆகிய நாடுகளில், கிருமி உடலிலிருந்தும் நோய்வாய்ப்படாதிருந்த சுமார் 3,500 பேரிடம் இத்தடுப்பூசி பரிசோதிக்கப்பட்டது. மூன்றாண்டுகளில் தடுப்பூசி பெற்றோரில் 13 பேருக்கும், வெற்று ஊசி பெற்றோரில் 26 பேருக்கும் நோய் கண்டது. நோய் சரிபாதியாகக் குறைந்துள்ளது. எண்ணிக்கை சிறிதாகையால், 20,000 பேர் வரை பங்குகொள்ளும் இறுதிக்கட்டப் பரிசோதனை 2024 மார்ச் மாதம் தென்னாபிரிக்காவில் தொடங்கப்பட்டது. அதன் முடிவு வெளிவரும் வரை எதனையும் உறுதியாகக் கூறவியலாது.

எனினும் ஒரு விடயத்தை இப்பொழுதே சிந்திக்க வேண்டியுள்ளது. இத்துணையூக்கி ஜி.எஸ்.கே. என்ற ஒரே நிறுவனத்தின் கைவசமுள்ளது. இதே துணையூக்கியைக் கொண்ட மலேரியாத் தடுப்பூசியின் புரதத்தைத் தயாரிக்கும் பொறுப்பு 2021 இல் இந்திய நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட முன்வந்தபோதும், துணையூக்கியின் உற்பத்தியை அந்நிறுவனம் தன்னிடமே வைத்துக் கொண்டது. காசநோய்த் தடுப்பூசி வெற்றி பெறுமாயின் கோடிக்கணக்கானோருக்கு அது தேவைப்படும். அதிக காசநோய்ச் சுமையுள்ள 30 நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. அது நமக்குப் பெருமையே. ஆனால் பங்கீட்டு வரிசையில் நாம் பின்னுக்குத் தள்ளப்படவும் அதுவே காரணமாகலாம். சுகாதார அமைச்சு முடிவுகள் வெளிவரும் வரை காத்திராது, கொள்வனவு பற்றிய பேச்சுக்களில் இப்போதே இடம்பிடிக்க வேண்டும். தடுப்பூசியில் என்னென்ன சேர்க்கப்படுகின்றன என அறிய விரும்பும் தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்கு அவர்களது மொழியிலேயே ஒளிவுமறைவற்ற பதிலை அளிக்கவும் வேண்டும். பதில் கிடையாத இடத்தில் வதந்தி குடிபுகும்.

இலங்கையில் காசநோயாளர் அதிகமாகக் காணப்படும் மாவட்டம் கொழும்பாகும். பாமன்கடை, வெள்ளவத்தைப் பகுதிகளில் காற்றோட்டமற்ற அறைகளில் நால்வர் ஐவராகத் தங்கித் தொழில் தேடும் இளைஞர்களை நாம் அன்றாடம் காண்கின்றோம். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். மாவட்டந்தோறும் உள்ள அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகும். மகளின் திருமணப் பேச்சு குழம்பிவிடுமென நோயை மறைப்பதும், உடல் சற்றுத் தேறியதும் மாத்திரைகளை நிறுத்துவதுமே மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்க்கின்றன. நோன்பு காலத்தில் மருந்தை இடைநிறுத்த எண்ணும் சகோதரர்கள், நோயாளிக்கு மார்க்கம் வழங்கியுள்ள சலுகையை நினைவிற்கொண்டு வைத்தியரிடம் ஆலோசனை பெறுதல் வேண்டும்.

தடுப்பூசிக்குத் துணைநிற்கும் பொருளை விஞ்ஞானம் தேடிக் கொண்டிருக்கின்றது. நோயாளிக்குத் துணைநிற்க வேண்டியது குடும்பமும் அயலாருமே. அந்தத் துணைக்கு எந்தப் பரிசோதனை முடிவையும் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.