வழிச்செலவு யார் பொறுப்பு?

குடும்ப வன்முறைக்கும் பாலியல் வன்முறைக்கும் ஆளானோருக்கு உதவும் சேவைகள் நெருக்கடி காலத்தில் நின்றுபோகாதிருக்க அரசு ஒதுக்கும் பணம், அவசர நிதி எனப் பொதுவாக அழைக்கப்படுகிறது. போர், புயல், ஆழிப்பேரலை, பெருந்தொற்று ஆகியவற்றை மட்டுமே நெருக்கடியாகக் கொள்ளும் நிர்வாக வழக்கம், இவ்வகை வன்முறைக்கென்றே தனியான ஒரு காலக்கணக்கு இருப்பதைப் பொருட்படுத்துவதில்லை. பாலியல் வல்லுறவுக்கு உள்ளானவருக்கு எச்.ஐ.வி. தொற்றைத் தடுப்பதற்கான மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கப்பட வேண்டும். கருத்தடைக்கான அவசர மாத்திரையின் பயன் மணிக்கு மணி குறைந்துகொண்டே செல்லும். உடலிலும் உடையிலும் உள்ள தடயங்களோ குளித்தாலும் துவைத்தாலும் அழிந்துவிடக்கூடும். இந்த 72 மணி நேரத்துக்குள் ஒரு பெண்ணின் கையில் எவ்வளவு காசு இருக்கிறது என்பதே, சட்டம் அவளை எட்டுமா எட்டாதா என்பதைப் பெருமளவுக்குத் தீர்மானிக்கிறது.

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்குடாவை முன்வைத்துப் பார்க்கும்போது இது தெளிவாகப் புலப்படும். நிர்வாக ஒழுங்கில் இவ்வூர் வாழைச்சேனையைத் தலைமையிடமாகக் கொண்ட கோறளைப்பற்றுப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. பொலிஸ் நிலையம் ஊரிலேயே உண்டு. ஆதார வைத்தியசாலையும் நீதவான் நீதிமன்றமும் வாழைச்சேனையில் உள்ளன. போதனா வைத்தியசாலையும், வசதியற்றோருக்கு வழக்குரைக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகமும், பெண்கள் அமைப்புகளின் அலுவலகங்களும் ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்கு அப்பால் மட்டக்களப்பு நகரில் இருக்கின்றன. முறைப்பாடு செய்பவரிடம் பொலிசார் மருத்துவ சட்டப் பரிசோதனைப் படிவத்தைக் கொடுக்கின்றனர்; வைத்தியர் காயங்களைப் பதிவு செய்கிறார்; சட்ட வைத்திய அதிகாரியின் விரிவான பரிசோதனை தேவைப்படும் இடத்தில் நகரம் வரை பயணம் நீள்கிறது. அருகிலுள்ள பாசிக்குடா விடுதிகளில் துப்புரவுப் பணி செய்பவரோ, மீன் காய வைப்பவரோ, வயலுக்குக் கூலிக்குப் போகிறவரோ அன்றைய சம்பளத்தையும் இழந்து, ஓட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்து, பெரும்பாலும் இடுப்பில் ஒரு பிள்ளையுடனேயே இந்தத் தூரத்தைக் கடக்க வேண்டியுள்ளது.

பரிசோதனையின்போது அவர் உடுத்தியிருந்த உடை சான்றுப்பொருளாகப் பெறப்படுகிறது. ஈரம் தங்கித் தடயம் பழுதுபடாதிருக்க அது பொலித்தீனில் அல்லாமல் கடதாசி உறையில் இடப்பட்டு முத்திரையிடப்படுகிறது. உறை முத்திரையிடப்பட்ட பின்னர் அப்பெண் எதை உடுத்திக்கொண்டு வீடு திரும்புவார் என்ற கேள்விக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. தாதியர் தம் அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பதாலும், பெண்கள் அமைப்பின் பணியாளர் கடையில் வாங்கி வருவதாலும், உறவுக்காரர் கொண்டு வந்து சேர்ப்பதாலும் காரியம் நடந்துவிடுகிறது என்பது உண்மையே. ஆனால் ஓர் அரசின் குற்றவியல் நடைமுறை, மாற்றுடைக்குத் தனிமனிதரின் இரக்கத்தை நம்பி இயங்குவதை நிர்வாகம் என்று சொல்வதற்கில்லை.

சட்டத்துக்குக் குறைவில்லை. இலங்கையின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். வன்முறையாளரை விலக்கி வைக்கும் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையை நீதவான் உடனடியாகவே வழங்க முடியும். 14 நாட்களுக்குள் விசாரணை, அதன்பின் 12 மாதங்கள் வரை நீடிக்கக்கூடிய பாதுகாப்புக் கட்டளை என்ற ஒழுங்கும் உண்டு. தமிழர், முஸ்லிம் என்ற வேறுபாடின்றி இச்சட்டம் எல்லோருக்கும் பொருந்துவதால், விவாகரத்தையும் தாபரிப்பையும் காதி நீதிமன்றத்தில் தேட வேண்டிய, அயலூரான ஓட்டமாவடியின் முஸ்லிம் பெண்ணும் பாதுகாப்பை வாழைச்சேனை நீதவானிடமே கோரலாம். பாதிக்கப்பட்டவர் கேட்டுக்கொண்டால் அவரைத் தற்காலிகத் தங்குமிடத்தில் வைக்குமாறும், எதிராளி அவசரப் பண உதவி வழங்குமாறும் நீதிமன்றம் பணிக்க முடியும். ஆயினும் அத்தங்குமிடத்தை யார் நடத்துவது, எந்த நிதியிலிருந்து நடத்துவது என்பதைச் சட்டம் விரித்துரைக்கவில்லை. அடித்த கணவன் கையிலிருந்து அவசரப் பணம் வரும் என்று நம்புவதோ, நடைமுறை அறிந்த எவருக்கும் சிரிப்பை வரவழைக்கும். இதனோடு, நீதிமன்றப் பிரிவினை பெற்றிருந்தால் அன்றி மனைவியின் மீதான வல்லுறவு இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றமாகாது என்பதையும் சேர்த்துக்கொண்டால், மணவாழ்வுக்குள் நிகழும் பாலியல் வன்முறைக்கு எஞ்சியிருக்கும் கதவு எவ்வளவு குறுகியது என்பது விளங்கும்.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்களின் நல்வாழ்வு பற்றிய ஆய்வு, துணையுடன் வாழ்ந்த பெண்களில் 20.4 வீதத்தினர் வாழ்நாளில் ஒரு தடவையேனும் துணையின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளாகியிருந்ததைக் காட்டியது. துணையின் பாலியல் வன்முறைக்கு ஆளானோரில் ஏறத்தாழ அரைவாசிப் பேர், வெட்கம், பழி, நம்பமாட்டார்கள் என்ற அச்சம் முதலிய காரணங்களால் எந்த முறைசார்ந்த உதவியையும் நாடவில்லை. "வீட்டுப் பிரச்சினை", "பேசிச் சமாதானமாகப் போங்கோ" என்ற சொற்கள் பொலிஸ் நிலையத்திலும் கோயில் முன்றலிலும் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் ஒன்றுபோலவே ஒலிக்கும் ஊரில், உதவி நாடாமைக்கு வெட்கம் மட்டுமே காரணம் எனக் கொள்வது முழு உண்மையாகாது. போனால் திரும்பி வருவதற்கு ஓரிடமும் அதுவரை சாப்பாட்டுக்கு வழியும் இருக்கிறதா என்று பார்த்தே பெண்கள் முடிவெடுக்கின்றனர்.

இப்பகுதியில் அவசர நிதி பெருமளவில் கொட்டப்பட்டது 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின்னராகும். கல்குடாவையும் பாசிக்குடாவையும் சிதைத்த அவ்வலையின் பின், மட்டக்களப்பில் இயங்கிய பெண்கள் அமைப்புகள் சில நாட்களுக்குள்ளேயே ஒன்றுகூடி, அனர்த்த முகாமைத்துவத்துக்கான பெண்கள் கூட்டமைப்பை உருவாக்கி, முகாம்களில் நிகழ்ந்த பாலியல் தொந்தரவுகளையும் குடும்ப வன்முறையையும் பதிவு செய்யத் தொடங்கின. போரால் இடம்பெயர்ந்த பெண்களால் 1991இல் கொழும்பில் தொடங்கப்பட்டு 1993இல் மட்டக்களப்புக்கு இடம் மாறிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் அக்கூட்டமைப்பில் முன்னின்ற அமைப்புகளுள் ஒன்று. அரசு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு மாதம் 5,000 ரூபா வீதம் வாழ்வாதாரக் கொடுப்பனவு வழங்கியது. குடும்பத் தலைவர் என்று கணவனைக் கொண்டு அப்பணம் கொடுக்கப்பட்ட இடங்களில், அது சாராயக் கடையில் முடிந்ததையும் அதைக் கேட்ட மனைவி அடிபட்டதையும் அக்காலத்தில் பணியாற்றிய பெண்கள் அமைப்புகள் திரும்பத் திரும்ப எடுத்துரைத்தன.

பணத்தை விடவும் பெரிய இழப்பு வீட்டில் நிகழ்ந்தது. மட்டக்களப்புப் பிரதேசத்தில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிமரபு வேரூன்றியிருப்பதால், மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பதும் மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து குடியேறுவதும் வழமை. மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இவ்வழமையை அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு விரிவாக ஆராய்ந்துள்ளார். இவ்வழமை வன்முறையை ஒழித்துவிடவில்லை என்றாலும், தாயும் சகோதரிகளும் பக்கத்து வளவுகளில் இருக்க, வீடு தன் பெயரில் இருக்கும் பெண்ணை "வெளியே போ" என்று எவனும் எளிதில் சொல்லிவிட முடியாத ஓர் அரணை அது கொடுத்திருந்தது. வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டக்கூடாது என்று முதலில் விதிக்கப்பட்டதால் குடும்பங்கள் உள்ளே நகர்த்தப்பட்டபோது, புதிய காணியும் வீடும் பல இடங்களில் குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆணுக்கு எழுதப்பட்டன; தலைமுறைகளாகப் பெண்ணிடம் இருந்த உடைமை, நிவாரணம் என்ற பெயரில் ஒரே கையெழுத்தில் இடம் மாறிற்று. நிவாரண நிதி வன்முறைக்குத் துணைபோன வரலாறாகவே இதனைக் கொள்ள வேண்டும். அலை வந்து போன நாட்களில் இதைச் சுட்டிக்காட்டிப் போராடிய பெண்களின் குரல், கொழும்பிலிருந்த அதிகாரிகளுக்குச் சிறு முணுமுணுப்பாகவே கேட்டிருக்க வேண்டும்.

2020 மார்ச் 20இல் தொடங்கிய கொவிட் ஊரடங்கின்போதும் அரசு வழங்கியது அதே 5,000 ரூபாவே. வீட்டினுள் அடைபட்ட பெண் தொலைபேசியில் பேசுவதற்குக்கூடத் தனிமை கிடைக்காத அக்காலத்தில், ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் வீடுகளுக்குள்ளும் போர்நிறுத்தம் வேண்டும் என்று உலக அரசுகளிடம் கோரினார். பிரித்தானிய அரசு 2020 மே மாதத் தொடக்கத்தில், குடும்ப வன்முறைக்கும் பாலியல் வன்முறைக்கும் ஆளானோர் உள்ளிட்ட நலிவுற்றோருக்காக 76 மில்லியன் பவுண் அறிவித்தது. மறு ஆண்டு நிறைவேறிய குடும்ப வன்முறைச் சட்டம், இங்கிலாந்தின் உள்ளூராட்சி அமைப்புகள் பாதுகாப்பான தங்குமிடங்களில் ஆதரவு வழங்குவதைச் சட்டக் கடமையாக்கியதுடன், 2021-22ஆம் ஆண்டுக்கு அதற்கென 125 மில்லியன் பவுணும் ஒதுக்கப்பட்டது. தொகையின் அளவை இலங்கையுடன் ஒப்பிடுவது வீண். நெருக்கடிப் பணம் நிலையான கடமையாக மாறிய அந்த வரிசையே கவனிக்கத்தக்கது. கல்குடாப் பகுதியில் அந்த இரண்டாவது படி ஒருபோதும் எடுக்கப்படவில்லை.

அந்த இடைவெளியை இதுவரை நிரப்பி வந்தது பெரும்பாலும் வெளிநாட்டு நன்கொடை. தங்குமிடக் காப்பாளர், உளவளத்துணையாளர், நீதிமன்றத்துக்குத் துணைசெல்லும் களப்பணியாளர் ஆகியோரின் சம்பளம் ஓராண்டுத் திட்டத்திலோ இரண்டாண்டுத் திட்டத்திலோ தொங்கிக்கொண்டிருக்க, வழக்குகளோ ஐந்து ஆண்டுகள், பத்து ஆண்டுகள் என்று இழுபடுகின்றன. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு நிறுத்தி வைத்து, பின்னர் அவ்வுதவிகளை வழங்கிவந்த யூ.எஸ்.எய்ட் நிறுவனத்தையே கலைத்தபோது, உலகின் பல மூலைகளில் பெண்களுக்கான சேவைகள் ஒரே அறிவித்தலில் முடங்கின. 2022 ஏப்ரலில் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்து, அதே ஆண்டு செப்டெம்பரில் ஏறத்தாழ 70 வீதப் பணவீக்கத்தைக் கண்ட இலங்கையில், வெளிநாடு ஒன்றின் தேர்தல் முடிவு உள்ளூர்ப் பெண்ணின் பாதுகாப்பைத் தீர்மானிப்பது எவருக்கும் பெருமை தரும் செய்தியன்று.

பணத்தை ஒதுக்கிவிட்டால் போதும் என்பதற்கும் அயலில் மறுசான்று உண்டு. டில்லியில் இளம்பெண் ஒருவர் கூட்டு வல்லுறவுக்கு உள்ளாகி உயிரிழந்த கொடூரத்தின் பின் இந்தியா 2013இல் 1,000 கோடி ரூபாவுடன் நிர்பயா நிதியைத் தொடங்கியது. மருத்துவம், பொலிஸ், சட்ட உதவி, தங்குமிடம் ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ் தரும் சகி மையங்கள் 2015 முதல் அதன் துணையுடன் மாவட்டந்தோறும் அமைக்கப்பட்டன. இருந்தும், முதல் ஆண்டுகளில் நிதியின் பெரும்பகுதி செலவிடப்படாமலே கிடந்தது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. செலவழிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, எத்தனை ஒப்புதலுக்குப் பின் அது கைக்கு வருகிறது என்பவை தொகையைக் காட்டிலும் முக்கியமானவை என்று இதிலிருந்து கொள்ளலாம்.

இலங்கையில் கட்டமைப்பின் எலும்புகள் இருக்கவே இருக்கின்றன. பிரதேச செயலகங்களில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் பணியாற்றுகின்றனர். அரச வைத்தியசாலைகளில் சிங்களத்தில் மித்துரு பியச என்றும் தமிழில் நட்பு நிலையம் என்றும் வழங்கும் ஆலோசனை நிலையங்கள் உள்ளன. 1938 என்ற இலக்கத்தில் மகளிர் உதவித் தொலைபேசி இயங்குகிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவும் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், கொழும்பை மையமாகக் கொண்ட அதிகார சபை ஒன்று உண்டு. தேசிய மகளிர் ஆணைக்குழுவுக்கு வழிசெய்யும் சட்டம் 2024இல் நிறைவேறியது. இவை எல்லாவற்றுக்கும் இடையில் இல்லாமற்போனது, வாழைச்சேனையில் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் உத்தியோகத்தர் மேலிடத்துக்குக் கடிதம் எழுதாமல் அன்றிரவே செலவிடக்கூடிய சிறு தொகை. ஓட்டோக் கூலி, மாற்றுடை, பால்மா, தொலைபேசி மீள்நிரப்பல், நீதிமன்ற நாளில் இழக்கும் கூலி, மூன்று இரவு பாதுகாப்பான தங்கல் ஆகியவற்றுக்கான இத்தொகை, பற்றுச்சீட்டுக் காட்டிப் பின்னர் கணக்குத் தீர்க்கும் வழக்கமான சில்லறைக் கணக்கு முறையிலேயே அமைய முடியும்; புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. அப்பணம் பெண்ணின் கையிலேயே, அவள் பெயரிலேயே கொடுக்கப்பட வேண்டும் என்பதை ஆழிப்பேரலைக்குப் பிந்திய அனுபவம் கட்டாயமாக்குகிறது. தங்குமிடத்துக்கான ஆண்டுச் செலவு இதனினும் பெரிது. சமூக சேவை மாகாணப் பொறுப்பாக இருப்பதால் அது மாகாணப் பாதீட்டில் நிரந்தரத் தலைப்பாக இடம்பெறுவதே பொருத்தம். பேரனர்த்தம் நேரும்போது, எதிர்பாராச் செலவுகளுக்கென அரசியலமைப்பின் 151ஆம் உறுப்புரை ஏற்படுத்தியுள்ள நிதியத்திலிருந்து மேலதிகப் பணம் பெறலாம். ஆனால் நாளாந்தச் சேவை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால்தான் அந்த மேலதிகப் பணத்தை முறையாகச் செலவிட ஆளும் இடமும் இருக்கும்.

கிழக்கு மாகாண சபையின் ஆயுட்காலம் 2017 செப்டெம்பர் 30இல் முடிவடைந்தது. அதன் பின்னர் தேர்தல் நடத்தப்படாத நிலையில் மாகாணத்தின் வரவு செலவு ஆளுநரின் கீழ் அதிகாரிகளாலேயே தயாரிக்கப்பட்டு வந்துள்ளது. வாக்குக் கேட்டு வருபவரிடம் இக்கேள்வியை எழுப்பும் வாய்ப்பு மாகாண மட்டத்தில் பெண்களுக்கு இல்லாதபடியால், மட்டக்களப்பு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவே அதற்கு இப்போதுள்ள மேடை. தேசிய வரவு செலவுத் திட்டம் வழமையாக நவம்பரில் பாராளுமன்றத்துக்கு வருகிறது. அமைச்சுகளும் திணைக்களங்களும் தம் மதிப்பீடுகளை அதற்குப் பல மாதங்கள் முன்பே அனுப்பிவிடுகின்றன. மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்களும் மாவட்டச் செயலாளரும் கோறளைப்பற்றுப் பிரதேச செயலகத்துக்கான இந்தச் சிறு ஒதுக்கீட்டை அம்மதிப்பீடுகள் மூடப்படுவதற்கு முன் எழுத்தில் கோர வேண்டும்.